ரொசாண்டாவுக்கு அழைப்பில்லை

நெவேனா தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்தாள். கீழே வைக்கத் தோன்றாமல் கையில் பிடித்தபடியே நின்றாள். சமையலறை மேசையில் வால்நட் உடைத்துக்கொண்டிருந்த அவள் கணவன் வுகாஷின் நிமிர்ந்து பார்த்தான்.

"யாரு?"

"உன் அக்கா."

"ரொசாண்டாவா? அவளே கூப்பிட்டாளா?" அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"நான்தான் கூப்பிட்டேன். நாளைக்கு வரச் சொன்னேன்."

சுத்தியல் பாதியில் நின்றது. "நாளைக்கா? ஸ்லாவாவுக்கா?"

"ஆமா."

"வாயத் தொறந்து 'வா'ன்னே சொன்னியா?"

"'நீயும் உன் வீட்டுக்காரரும் வந்தா எங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்'னு சொன்னேன். நல்லா யோசிச்சு அழகாத்தான் சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னா?"

"'நான் பொறந்து வளர்ந்த வீட்டு ஸ்லாவாவுக்கு எனக்கு அழைப்பா? நான் என்ன உங்க தெருவுக்குப் புதுசா குடி வந்தவளா?'ன்னு கேட்டா. போனை வெச்சுட்டா."

"ஐயோ, நெவேனா" என்றான் வுகாஷின்.

எங்கள் வாலியெவோ ஊரில் கல்யாணத்துக்கு அழைப்பார்கள், பிறந்தநாளுக்கு அழைப்பார்கள், பன்றி அடித்தால்கூடக் கூப்பிட்டு ஒரு துண்டு கொடுப்பார்கள். ஸ்லாவாவுக்கு மட்டும் அழைக்க மாட்டார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர் இருக்கிறார். அவர் அப்பனிடமிருந்து மகனுக்கு வருகிறார். அவருடைய நாளில் மெழுகுவத்தி ஏற்றி, ரொட்டி சுட்டு, கதவைத் திறந்து வைப்பதோடு வீட்டுக்காரர்கள் வேலை முடிந்தது. உரியவர்கள் தாமாக வருவார்கள். வராதவர்களைப் பற்றி வருஷம் முழுக்கப் பேசலாம், ஆனால் 'வா' என்று சொல்லக் கூடாது. சொன்னால், 'சொல்லாவிட்டால் வர உரிமை இல்லாதவர் நீங்கள்' என்று அர்த்தமாகிவிடும்.

நெவேனாவுக்கு இது தெரியாமல் இல்லை. அவளுடைய அப்பா பழைய கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்து ராணுவக்காரர். அவர் வீட்டில் புனிதரும் கிடையாது, மெழுகுவத்தியும் கிடையாது. ஆனால் வுகாஷினைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்த பிறகு எத்தனையோ ஸ்லாவாக்களைப் பார்த்துவிட்டாள். தெரிந்தும் அழைத்ததற்குக் காரணம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் நடந்ததற்குப் பிறகு, தான் பேசாமல் இருந்தால் ரொசாண்டா அதை 'வராதே' என்று எடுத்துக்கொள்வாள் என்று பயந்தாள். அந்தப் பயத்தில் ஊர் வழக்கம் மறந்துபோயிற்று.

மூன்று வருஷத்துக்கு முன், இந்த வீட்டுப் புனிதரின் நாளான இதே 'மித்ரோவ்தான்' அன்று, ரொசாண்டா தன் வீட்டிலிருந்து ஒரு பானை சார்மா செய்து எடுத்து வந்தாள். முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியும் அரிசியும் சுருட்டி வேகவைப்பதில் அவளுக்கு ஈடு கிடையாது. கூட்டம் அதிகம் வந்தால் பற்றாமல் போகுமே என்ற அக்கறைதான். நெவேனாவுக்கு அது அக்கறையாகத் தெரியவில்லை. உன் சமையல் போதாது, நீயே இந்த வீட்டுக்குப் போதாது என்று எல்லோர் முன்னும் அறைந்தது போலிருந்தது. இப்படிப்பட்ட நேரங்களில் ஒரு நொடியில் அவள் உலகம் இரண்டாகப் பிளந்துவிடும்; ஒரு பக்கம் அவள், மறுபக்கம் எல்லோரும். அன்றும் பிளந்தது. கத்தினாள். பானையைத் தள்ளினாள். கடைசியில், மதுவைத் தெளித்து மட்டுமே அணைக்கவேண்டிய அந்த மெழுகுவத்தியை, விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊதி அணைத்தாள். பிறகு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வுகாஷின் கதவை உடைக்க வேண்டியதாயிற்று. ஆம்புலன்ஸ் வந்தது.

மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் பொறுமையாக உட்கார்ந்து, சின்ன வயதிலிருந்து எல்லாவற்றையும் கேட்டார். எல்லைநிலை ஆளுமைக் கோளாறு என்று பெயர் சொன்னார். அந்தப் பெயரைக் கேட்டு வுகாஷின் கலங்கிப்போனான். நெவேனாவுக்கோ பாரம் இறங்கியது போலிருந்தது. "இதுக்கு ஒரு பேர் இருந்தா, இது என்னைத் தவிர வேற ஆளுங்களுக்கும் இருக்கு" என்றாள் அவனிடம். அதுவரை அவள் தன்னைக் கெட்டவள் என்று மட்டுமே நினைத்திருந்தாள்.

அதன் பிறகு வாரா வாரம் பெல்கிரேடுக்குப் பேருந்து. பல் செட் செய்யும் பட்டறையில் அவள் வேலை. முதலாளி முகம் சுளிக்காமல் விடுப்புக் கொடுத்தார். ஒரு நீள மேசையைச் சுற்றி அவளைப் போன்றவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒலிவேரா என்ற உளவியலாளர், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவது போலவே நடத்துவார். உணர்ச்சி பொங்கும்போது உடம்பை எப்படி அடக்குவது, தெரிந்ததையும் பயந்ததையும் எப்படிப் பிரிப்பது, வேண்டியதை எப்படிக் கேட்பது. வீட்டுப்பாடம் உண்டு. செய்யாவிட்டால் ஏன் செய்யவில்லை என்ற விசாரணையும் உண்டு. உடைந்து போகும் முன் எப்போது வேண்டுமானாலும் ஒலிவேராவைத் தொலைபேசியில் கூப்பிடலாம். உடைந்த பிறகு கூப்பிட்டுப் பயனில்லை என்பது அங்கே சட்டம்.

வுகாஷின் குடும்பத்தாருக்கான வகுப்புக்குப் போனான். ஊர்ப் பள்ளியில் புவியியல் வாத்தியார். பாடம் கேட்பதில் கெட்டிக்காரன். முதல் மாதம் அவன் பண்ணிய கூத்து தாங்க முடியவில்லை. எதைச் சொன்னாலும், "நீ வருத்தமா இருக்கேன்னு எனக்குப் புரியுது" என்பான். பால் திரிந்துவிட்டது என்றாலும் அதையே சொன்னான். "கிளி மாதிரி சொல்லாத, போய்ப் பால் வாங்கிட்டு வா" என்று அவள் துண்டை வீசினாள். இருவரும் சிரித்தார்கள். வெகுகாலத்துக்குப் பிறகு அந்தச் சமையலறையில் கேட்ட முதல் சிரிப்பு அது.

போன இரண்டு வருஷமும் ஸ்லாவா அன்று வீட்டுக் கதவைத் திறக்கவில்லை. வுகாஷின் மட்டும் ஒரு மெழுகுவத்தி ஏற்றிக் கும்பிட்டான். இந்த வருஷம் நெவேனாவே சொன்னாள்: "கதவத் தொறக்கலாம்." யார் வந்தாலும் வராவிட்டாலும் அவளுக்குக் கவலையில்லை, ஒருத்தியைத் தவிர. ரொசாண்டா அன்றைக்குப் பிறகு இந்த வாசலை மிதிக்கவில்லை. நகரத்துக்கு வெளியே, ராஸ்பெர்ரித் தோட்டத்து நடுவில் அவள் வீடு. வுகாஷின் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவான். தன்னிடம் கோபப்பட்டவர்கள் மறுபடி தன்னிடம் வருவார்களா என்பதுதான் நெவேனாவின் வாழ்நாள் கேள்வி. அதற்கு இன்னும் பதில் கிடைக்காத ஒரே ஆள் ரொசாண்டா.

இப்போது அவளையே அழைத்து அவமானப்படுத்தியாயிற்று.

"நான் உடனே போயிட்டு வரேன்" என்று வுகாஷின் கார் சாவியைத் தேடினான். "சமாதானம் சொல்லிக் கையோட கூட்டிட்டு வரேன்."

நெவேனாவின் கட்டைவிரல் தொலைபேசியில் ஓடிக்கொண்டிருந்தது. 'சரி, வராதே. இனிமேல் உன் தம்பியையும் நீ பார்க்க வேண்டாம்' என்று எழுதி முடித்திருந்தாள். காதுக்குள் ரத்தம் இரைந்தது. அனுப்புவதற்கு ஒரு தொடுதல்தான் பாக்கி. தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள். குளிர்பெட்டியைத் திறந்து உறைந்த பட்டாணிப் பையை எடுத்து, வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி குனிந்து கண்ணிலும் கன்னத்திலும் அழுத்தி மூச்சை அடக்கினாள்.

"அது நாளைக்கு சாலடுக்கு வெச்சது" என்றான் வுகாஷின் மெதுவாக.

"சாலடுக்கும் ஆகும்" என்று பைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

அவன் சாவியை வைத்துவிட்டு, அவள் முதுகில் கை வைத்து நின்றான். ஒன்றும் பேசாமல் நிற்கக் கற்றுக்கொண்டதுதான் அந்த வகுப்பில் அவன் படித்த பெரிய படிப்பு.

மூச்சு சீரானதும் அவள் ஒலிவேராவைக் கூப்பிட்டாள்.

"சொல்லு நெவேனா. தவிப்பு பத்துக்கு எவ்வளவு?"

"ஏழு. ஒன்பதுல இருந்துச்சு. பட்டாணி வெச்சேன்."

"கெட்டிக்காரி. என்ன ஆச்சு?"

நெவேனா சொன்னாள். மறுமுனையில் அடக்கிப் பார்த்தும் அடங்காத ஒரு சிரிப்பு வெடித்தது.

"மன்னிச்சுக்கோ. ஸ்லாவாவுக்கு அழைச்சியா? நாத்தனாரையா?"

"நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க! வேணுங்கறத வாயத் தொறந்து, தெளிவா, மரியாதையா கேக்கணும்னு. ஒரு வார்த்த பிசகாமச் சொன்னேன்."

"சொல்லிக் குடுத்தேன்தான். இந்தச் சிகிச்சை முறைய உண்டாக்கினவங்க ஊர்ல ஸ்லாவா கிடையாதே, நான் என்ன பண்ணட்டும்? அடுத்த வாரம் வகுப்புல முதல் வேலையா இதைச் சொல்லணும். 'எல்லாத்தையும் கேளுங்க, ஸ்லாவாவுக்கு வரச் சொல்லி மட்டும் கேக்காதீங்க'ன்னு."

நெவேனாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"சரி" என்றார் ஒலிவேரா. "உனக்குத் தெரிஞ்சது எது, நீ பயப்படறது எது?"

"தெரிஞ்சது, அவளுக்குக் கோவம். போனை வெச்சுட்டா. பயம், இனிமே அவ வரவே மாட்டா. என்னால இந்தக் குடும்பம் ரெண்டாயிடும். ஒருநாள் வுகாஷினுக்கும் அலுத்துப்போயிடும்."

"அவ சொன்னதத் திரும்பச் சொல்லு."

"'நான் என்ன புதுசா குடி வந்தவளா'ன்னு கேட்டா."

"உன்னை வேண்டாம்னு ஒதுக்கினவ அப்படிக் கேப்பாளா?"

நெவேனா ஜன்னலைப் பார்த்தாள். அடுப்பில், நாளை வருபவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டிய இனிப்புக் கோதுமை கொப்புளம் விட்டுக்கொண்டிருந்தது. "மாட்டா" என்றாள் கடைசியில். "நான் அவளை வெளியே தள்ளின மாதிரி இருந்திருக்கும் அவளுக்கு. எனக்கு இருக்குமே, அதே மாதிரி. இது எனக்கு மட்டும் வர்றதுன்னு நினைச்சிட்டிருந்தேன்."

"எல்லாருக்கும் வரும். உனக்குத் தீ மாதிரி பிடிச்சுக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்."

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

"எனக்கும் தெரியல. என்ன பண்ணாம இருக்கணும்னு உனக்கே தெரியும்."

"மறுபடி கூப்பிடக் கூடாது. ஒரு மெசேஜ் எழுதி வெச்சிருக்கேன்."

"அனுப்பலையே?"

"இல்ல."

"அழிச்சிடு. போய்க் கோதுமையக் கிளறு, அடிப்பிடிச்சா நாளைக்கு ஊரே சிரிக்கும்."

நெவேனா அழித்தாள். கோதுமையைக் கிளறினாள். வுகாஷின் மறுபடி சாவியைக் கையில் எடுத்திருந்தான்.

"போகாத" என்றாள்.

"அவ எனக்கு அக்கா. நான் சொன்னா கேப்பா."

"நீ போய்க் கூப்பிட்டா ரெண்டாவது அழைப்பு. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு, வுகாஷின். நாளைக்கு முழுக்க இருக்கும். இருந்துட்டுப் போகட்டும். அவ வர்றதா இருந்தா அவளா வரட்டும்."

அவன் அவளையே பார்த்தான். முன்பெல்லாம் 'உன் அக்கா வேணுமா, நான் வேணுமா, இப்பவே சொல்லு' என்று கேட்ட அதே வாய். அவன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து வால்நட் உடைக்கத் தொடங்கினான். கண் கலங்கியதை அவளுக்குக் காட்டாமல் இருக்கத்தான் அத்தனை வேகமாக உடைத்தான்.

மறுநாள் காலை முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு ஸ்ரேத்தென். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். பாதிரியாருக்கும் முன்னால் வந்துவிடுவது அவர் வழக்கம்.

"வீட்டுக்காரரே, ஸ்லாவா சிறக்கட்டும்!" என்று வாசலிலேயே முழங்கினார். "சாமியார் வர்றதுக்குள்ள ராக்கியா சாராயம் சரியா இருக்கான்னு யாராவது பார்க்கணுமே. ஊருக்காகத்தான் இந்தக் கஷ்டமெல்லாம்."

"வாங்க ஸ்ரேத்தென் மாமா" என்று நெவேனா இனிப்புக் கோதுமைக் கிண்ணத்தை நீட்டினாள். அவர் சிலுவைக் குறி இட்டு ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார்.

"மருமகளே, இதை நீயா செஞ்ச?"

"நான்தான்."

"அப்ப இன்னொரு கரண்டி எடுத்தா தப்பில்ல." எடுத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டு வருஷமா இந்தக் கதவு சாத்தியே கிடந்துச்சு. என் பொண்டாட்டி தினமும் கேப்பா, அந்தப் பொண்ணு எப்படி இருக்கான்னு. உன்னைப் பார்த்ததுல சந்தோஷம்மா" என்றார். நெவேனா அதை எதிர்பார்க்கவில்லை. வாய்வரை வந்து நின்ற நன்றியைச் சொல்லத் தெரியாமல், அவருக்கு ஒரு கோப்பை ராக்கியா ஊற்றினாள்.

பாதிரியார் வந்து ரொட்டியை மதுவால் நனைத்து வெட்டினார். மெழுகுவத்தி நேராக எரிந்தது. வுகாஷினுடன் வேலை பார்க்கும் வாத்தியார்கள் வந்தார்கள். பட்டறை முதலாளி மனைவியோடு வந்தார். பெல்கிரேடிலிருந்து, நீள மேசை வகுப்பில் நெவேனாவுக்குப் பக்கத்தில் உட்காரும் தூன்யா பேருந்து பிடித்து வந்திருந்தாள். யாரும் அவளை அழைக்கவில்லை. வீட்டுக்காரன் உட்காரக் கூடாது என்பதால் வுகாஷின் தட்டோடு சுற்றிச் சுற்றி வந்தான். சிரிப்பும் சத்தமும் அறை முழுக்க நிறைந்தன. மூன்று வருஷத்துக்கு முன் இதே அறையில் தன்னைப் பார்த்தவர்கள் பலர் இன்று வந்திருக்கிறார்கள் என்பதை நெவேனா ஒவ்வொரு முகமாகக் கவனித்தாள். அவர்கள் வந்து, உட்கார்ந்து, சாப்பிட்டு, அவளிடம் இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ள இன்னும் கொஞ்சம் குதிரைமுள்ளங்கித் துவையல் கேட்டார்கள். அவ்வளவுதான். அவ்வளவு எளிதாக இருந்தது அது.

ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் அவள் திரும்பினாள். மதியம் கழிந்தது. ரொசாண்டா வரவில்லை.

பிற்பகலில் ஸ்ரேத்தென் இரண்டாம் முறையாக உள்ளே வந்தார். இந்த முறை ராக்கியாவைக் கேட்கவில்லை.

"வுகாஷின், உன் அக்கா தெருமுனையில கார்ல உக்காந்திருக்கா."

"எப்போ வந்தா?"

"நான் வீட்டுக்குப் போகும்போதும் இருந்தா. இப்பவும் இருக்கா. எஞ்சின் ஓடிட்டே இருக்கு. பெட்ரோல் என்ன விலை விக்குது!"

எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். வுகாஷின் செருப்பில் ஒரு கால் மாட்டிவிட்டான். நெவேனா அவன் சட்டையைப் பிடித்தாள்.

"நீ போகாத."

"அங்க வரைக்கும் வந்துட்டாடீ! இன்னும் என்ன?"

"நீ போய்க் கூட்டிட்டு வந்தா, கூட்டிட்டு வந்ததாத்தான் ஆகும். அவளுக்கு அது வேண்டாம்."

சொல்லிவிட்டாளே தவிர, அவள் கால்களே ஓடத் துடித்தன. ஓடிப்போய்க் கார்க் கதவைத் திறந்து, முழங்காலிட்டு அழுது, ரொசாண்டா மன்னித்துவிட்டேன் என்று சொல்லும்வரை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அப்படிப் பிடித்துக்கொண்டுதான் எத்தனையோ பேரை அவள் ஓடவைத்திருக்கிறாள். கூடவே இன்னொரு ஆசை, கதவைச் சாத்தித் தாழிட்டுவிட வேண்டும் என்பதும். இரண்டுமே பயத்தின் வேலை என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

தெரு வாசல் கம்பிக் கதவு மூடியிருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. முன்பு வந்தவர்கள் யாரோ சாத்திவிட்டிருந்தார்கள். நெவேனா கோட்டுப் போடாமலே வெளியே நடந்தாள். காரின் பக்கம் திரும்பவில்லை. கம்பிக் கதவின் இரண்டு பாதியையும் விரியத் திறந்து, காற்றில் மூடாதபடி பக்கத்துக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"இது அழைப்பு இல்லையா?" என்று தூன்யா கிசுகிசுத்தாள்.

"ஸ்லாவா அன்னிக்குக் கதவத் தொறந்து வெக்கறது அழைப்பா?" என்றார் ஸ்ரேத்தென். "சாத்தி வெக்கறதுதான் தப்பு. எல்லாரும் ஜன்னல விட்டுத் தள்ளிப் போங்க. சர்க்கஸா நடக்குது?" அவர் மட்டும் தள்ளிப் போகவில்லை.

நெவேனா சமையலறையில் நின்றாள். பாத்திரத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பயம், என்று மனதுக்குள் சொன்னாள். இது பயம் மட்டும்தான். வரும், உச்சிக்கு ஏறும், இறங்கும். அவள் வராமல் திரும்பிப் போனாலும் இங்கே இவ்வளவு பேர் இருக்கிறார்கள். மெழுகுவத்தி எரிகிறது. நான் இருக்கிறேன்.

எஞ்சின் சத்தம் நின்றது. கார்க் கதவு அறைந்து சாத்தப்பட்டது. கல்பாவிய பாதையில் பூட்ஸ் ஒலி.

ரொசாண்டா கதவை நிறைத்துக்கொண்டு நின்றாள். உயரமான, அகன்ற பெண். இந்த முறை கையில் பானை எதுவும் இல்லை. அறையே பேச்சை நிறுத்திக்கொண்டது. அவள் தம்பியைப் பார்க்கவில்லை. நேராக நெவேனாவைப் பார்த்தாள்.

"நல்லாக் கேட்டுக்கோ. நேத்து நீ எனக்குப் போன் பண்ணவே இல்ல."

"பண்ணல" என்றாள் நெவேனா.

"நான் எடுக்கவும் இல்ல."

"எடுக்கல."

"நானா வந்தேன்."

"நீயா வந்திருக்க, அக்கா."

"வீட்டுக்காரரே, ஸ்லாவா சிறக்கட்டும்" என்றாள் ரொசாண்டா, அப்போதுதான் தம்பியின் பக்கம் திரும்பி. நெவேனா கோதுமைக் கிண்ணத்தை நீட்டினாள். கை நடுங்கியது. ரொசாண்டா அதைப் பார்த்தாள். கிண்ணத்தின் அடியில் தன் கையையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டு ஒரு கரண்டி எடுத்தாள். வுகாஷின் தட்டோடு நின்ற இடத்திலேயே விசும்பத் தொடங்கினான்.

"வீட்டுக்காரன் அழக் கூடாது. எனக்கு ஊத்து" என்றாள் அவன் அக்கா.

கூட்டம் மறுபடி பேச்சைத் தொடங்கியதும் ரொசாண்டா சமையலறைக்குள் வந்து கதவைப் பாதி சாத்தினாள்.

"கார்ல உக்காந்து யோசிச்சேன். சொல்லாம உள்ள வந்தா எனக்குத் தொண்டையிலயே நிக்கும். சொல்லட்டுமா? சொன்னா நீ மறுபடி..." அவள் குளியலறைப் பக்கம் பார்வையை ஓட்டினாள்.

"சொல்லு. நான் இங்கதான் நிப்பேன்."

"அந்தப் பானை போனாப் போகட்டும். மெழுகுவத்திய ஊதினது, அது சாமிக்கும் உனக்கும் நடுவுல. ஆஸ்பத்திரியில நான் உனக்காக வராந்தாவுல விடிய விடிய உக்காந்திருந்தேன். உன் ரத்தம் என் சட்டையில இருந்துச்சு. நீ கண்ண முழிச்சதும் என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா? 'அவளை வெளியே போகச் சொல்லுங்க.' எல்லா நர்ஸும் பார்க்க நான் எழுந்து வெளியே போனேன். எனக்கு என்ன ஆச்சுன்னு யாரும் கேக்கல. உனக்கு வியாதி, உனக்கு டாக்டர், உனக்கு வகுப்பு. எனக்கு?"

ஒவ்வொரு சொல்லும் உள்ளே போய் இறங்கியது. பழைய குரல் ஒன்று, நீ பாவி, நீ இருக்கவே கூடாது என்று எழும்பப் பார்த்தது. அந்தக் குரலுக்குச் செவி கொடுத்தால், அழுது கீழே விழுந்தால், ரொசாண்டா தன் வலியை விட்டுவிட்டு மறுபடி இவளைத் தூக்க வரவேண்டியிருக்கும். நெவேனா இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி நின்றாள்.

"ஞாபகம் இருக்கு" என்றாள். "மயக்கத்துல சொன்னேன்னு சொல்லித் தப்பிச்சுக்க மாட்டேன். நீ பயந்து போயிருந்த. ராத்திரி பூரா எனக்காக உக்காந்திருந்த. உன்னைப் போய்த் துரத்தினேன். உனக்கு என்ன ஆச்சுன்னு நானும் கேக்கல. இப்பக் கேக்கறேன், அக்கா."

"அந்தச் சட்டைய நான் தூக்கிப் போட்டுட்டேன்" என்றாள் ரொசாண்டா. "துவைச்சுப் பார்த்தேன், முடியல. நீ செத்துருவியோன்னு... நான் கொண்டு வந்த பானையாலதானேன்னு... யார்கிட்டச் சொல்ல?"

"உன்னால இல்ல. ஒருநாளும் உன்னால இல்ல."

ரொசாண்டா முகத்தைத் திருப்பிக்கொண்டு கை துடைக்கும் துணியால் மூக்கைச் சிந்தினாள்.

"நீ உக்காந்திருந்ததுக்கு நன்றி" என்றாள் நெவேனா. "மூணு வருஷமாச் சொல்லணும்னு இருந்தேன். அன்னிக்கு நீயும் அவனும் அங்க இல்லைன்னா, இன்னிக்கு நான் இல்ல."

"இப்படியெல்லாம் பேச அங்க சொல்லிக் குடுத்தாங்களா?"

"பாதி. மீதி நானே."

"பரவாயில்லையே. என் வீட்டுக்காரரையும் சேர்த்துப்பாங்களா? வாயத் தொறந்தா ராஸ்பெர்ரி விலையத் தவிர ஒண்ணும் வராது அந்த ஆளுக்கு."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்ததும் ரொசாண்டா இவளைக் கட்டிக்கொள்ளவில்லை. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுத் தொட்டியில் குவிந்திருந்த தட்டுகளைக் கழுவத் தொடங்கினாள். நெவேனா துடைத்து அடுக்கினாள்.

பொழுது சாயும் நேரத்தில் வுகாஷின் மதுவைத் தெளித்து மெழுகுவத்தியை அணைத்தான். விருந்தாளிகள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ரொசாண்டா கடைசியாகக் கோட்டை மாட்டினாள்.

"என் கோவம் இன்னும் போகல. தெரிஞ்சுக்கோ."

"தெரியுது."

"நீ நல்லாப் பேசினதால போயிடாது. கொஞ்ச நாள் இருக்கும்."

"இருக்கட்டும், அக்கா."

அவள் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனாள். காரைப் பின்னால் எடுக்கும்போது ஸ்ரேத்தெனின் குப்பைத்தொட்டியில் இடித்து, அந்தத் தெருவையும் அதைப் போட்டவனையும் வாய் நிறையத் திட்டிவிட்டுப் போனாள். பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து ஸ்ரேத்தென் பதிலுக்குத் திட்டினார்.

வுகாஷினும் நெவேனாவும் வாசலில் நின்று கார் விளக்குகள் திரும்பி மறைவதைப் பார்த்தார்கள்.

"மறுபடி வருவாளா?" இந்த முறை கேட்டது அவன்.

"கோவம் போனதும் வருவா."

"போகலைன்னா?"

"கோவத்தோடயே வருவா. இன்னிக்கு வரலையா?"

அவன் அவள் தோளில் கை போட்டான். காலையிலிருந்து உட்காராத அவன் கால்கள் கெஞ்சின. உள்ளே போய், ஒரு நாற்காலியை இழுத்து அவனை உட்காரவைத்து, வீட்டுக்காரருக்கு அன்றைய முதல் கோப்பை ராக்கியாவை நெவேனா ஊற்றிக் கொடுத்தாள்.